லோரி மரம்

யுகேந்திரன் குடும்பத்தில் ஆளை எண்ணமாட்டார்கள். கோழியை எண்ணலாம், தேங்காயை எண்ணலாம், மனிதத் தலையை மட்டும் எண்ணக்கூடாது. துளசி கல்யாணமாகி வந்த புதிதில், விருந்துக்கு எத்தனை இலை வேண்டும் என்று பார்க்க விரலை நீட்டி ஒவ்வொருவராய் எண்ணப்போனாள். மாமியார் முத்தம்மா பாய்ந்து வந்து அந்த விரலைப் பிடித்து மடக்கினாள்.

"இலை பத்தலன்னா இன்னும் அறுத்துக்கலாம். ஆள எண்ணாத லா."

துளசி ஈப்போ புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவள். எஸ்டேட்டுக்காரர்களின் கோணங்கித்தனங்களில் இதுவும் ஒன்று என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். ஏன் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்தக் குடும்பமும் அதோடு உறவு கொண்ட இன்னும் பல குடும்பங்களும் சுங்காய் ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவை. தோட்டம் இப்போது இல்லை. ரப்பரை வெட்டிச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். ஆட்கள் ஈப்போ, கிள்ளான் என்று பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பாக்கி இருப்பது முனியாண்டி கோயிலும், அதற்கு எதிரே பாதை பிரிகிற இடத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரமும்தான். அந்த மரத்துக்கு லோரி மரம் என்று பெயர். எந்த லோரியும் அங்கே நிற்பதில்லை. ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்பதுமில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள், உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும், அந்தக் குடும்பங்கள் அங்கே வந்துவிட வேண்டும். படையல் முடிந்து பொழுது சாய்கிற நேரத்தில் ஆண்கள் எல்லாரும் கோயில் வாசலில் ஒரே வரிசையாகத் தலை குனிந்து, கண்ணை மூடி நிற்பார்கள். எந்த வீட்டு ஆளுக்கு எந்த இடம் என்பது பாட்டன் காலத்திலேயே முடிவாகிவிட்டது. பெண்கள் பின்னால் நிற்க வேண்டும். பூசாரி பத்துமலை கையில் பிரம்போடு வந்து ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவார். இச்சி... நீ... சான்... சீ... கோ... அப்படியே போய், 'சூ' என்கிற கடைசிச் சொல் யார் தோளில் விழுகிறதோ அவனை முனி எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

எடுக்கப்பட்டவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு லோரி மரத்தடிக்குப் போய் விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் நடக்க ஆரம்பித்ததும் மற்ற எல்லாரும் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்கள். அவன் கூப்பிட்டால் யாரும் பதில் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டால் முனி அவனை விட்டுவிட்டு வரிசையில் அடுத்து நிற்பவனை எடுத்துக்கொள்வார். எடுக்கப்பட்டவனுக்கு அந்த வருஷம் தீபாவளி கிடையாது, எண்ணெய்க் குளியல் கிடையாது. அடுத்த தீபாவளி வரை அவன் பெயரை வீட்டில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். ஒருத்தனைக் கொடுத்தால் மிச்சம் எல்லாரும் வருஷம் முழுக்கப் பத்திரமாக இருக்கலாம் என்பது நம்பிக்கை.

அந்தச் சொற்கள் என்ன மொழி என்று கேட்டால் முனி பாஷை என்பார்கள். தைப்பிங்கிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு வருஷம் வந்து மைக்கைப் பிடித்தார். இது கடல் கொண்ட கண்டத்தில் சித்தர்கள் பேசிய மொழி, தமிழுக்கே தாய் என்று அடித்துவிட்டார். 'இச்சி' என்றால் இச்சா சக்தியாம். 'நீ' என்றால் நீயே அதுவாம். 'கோ' என்றால் கேட்கவே வேண்டாம், சாட்சாத் இறைவன்தான். ஆட்களுக்குப் பெருமை தாங்கவில்லை. யுகேந்திரன் அந்தப் பேச்சைப் போனில் பதிந்து வைத்துக்கொண்டு, தான் ஏர்கோன் மாட்டப் போகிற வீடுகளில் எல்லாம் போட்டுக் காட்டினான்.

இந்த வருஷம் சித்திரை வாக்கில் துளசிக்கு மெங்லெம்பு பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியின் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. முதல் நாள் காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் முதலில் பியானோ கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல் வந்தது.

"இச்சி, நீ, சான், சி..."

தூக்கிய கை தூக்கியபடியே நின்றுவிட்டது துளசிக்கு. பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண் அவள் முழிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். "கீரா லா, காக். சத்து, டுவா, தீகா."

எண்ணுகிறார்களாம். ஜப்பான் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று. குரல் எட்டோடு நின்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மிச்சம் இரண்டையும் டீ நேரத்தில் சூப்பர்வைசரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கியூ, ஜூ என்றார் அவர். பூசாரி சொல்லும் 'சூ' இந்தப் பத்துதான். அன்றைக்கு வாங்கிய டீயை அவள் குடிக்கவேயில்லை.

சித்தரும் இல்லை, கடல் கொண்ட கண்டமும் இல்லை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோன கதையை அவளும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். ஆளை வரிசையில் நிறுத்திப் பத்தில் ஒருத்தன் என்று எண்ணிப் பிரித்திருக்கிறார்கள். பிரித்தவனை மரத்தடியில் நின்ற லோரியில் ஏற்றியிருக்கிறார்கள். ஆளை எண்ணாதே என்று முத்தம்மா விரலை மடக்கியது இந்தப் பயத்தில்தான். அந்த எண்ணிக்கையையே இத்தனை காலமும் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்களே என்று நினைத்தபோது துளசிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அந்த ஆத்திரத்தோடு வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் கொட்டினாள்.

"ஏங்க, அது மந்திரமே இல்லங்க. ஜப்பான்காரன் ஆள் எண்ணினது. உங்க பாட்டனுங்கள சயாமுக்கு ஏத்திட்டுப் போனானே, அந்த எண்ணிக்கை."

யுகேந்திரன் சோற்றிலிருந்து கையை எடுத்து உதறினான். "வாய மூடு. அப்ப மகேந்திரன் ஏன் செத்தான்? அவனயும் ஜப்பான்காரனா வந்து புடிச்சிட்டுப் போனான்?"

மகேந்திரன் அவனுடைய சித்தப்பா மகன். போன வருஷம் 'சூ' அவன்மேல் விழுந்தது. சர்க்கரைக்குப் போட்டுக்கொண்டிருந்த ஊசியை மறுநாளே நிறுத்திவிட்டான். முனி எடுத்துக்கொண்ட உடம்புக்கு ஊசி எதற்கு என்றானாம். பெண்டாட்டி காலில் விழுந்து கெஞ்சியும் கேட்காமல், பங்குனிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். துளசிக்கு இதில் சந்தேகமே இல்லை. முனி யார் உயிரையும் வாங்கவில்லை. எடுத்துக்கொண்டார் என்று நம்பினவன் தன் உயிரைத் தானே விட்டான். ஆனால் இதை யாரிடம் சொல்வது? சொன்னால் யார் கேட்பார்கள்?

புரட்டாசியில் யுகேந்திரனுக்கு நெஞ்சு வலி வந்தது. பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து அடைப்பு இருக்கிறது என்றார்கள். தீபாவளி முடிந்ததும் ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை, செய்துகொண்டால் நூறு வயசுக்கும் ஓடலாம் என்று டாக்டர் முதுகில் தட்டி அனுப்பினார். வீட்டுக்கு வந்து ஏர்கோன் வேலைக்கான சாமான் செட்டை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு யுகேந்திரன் சொன்னான்.

"தீபாவளிக்குப் போய் நிக்கிறேன். முனி என்னை விட்டுட்டாருன்னா கத்தி வைக்கட்டும். எடுத்துக்கிட்டாருன்னா நான் ஆஸ்பத்திரி பக்கம் வரமாட்டேன். நீ கூப்பிடவும் கூடாது."

"இந்த வருஷம் போகாம இருந்தா என்னங்க?"

"நிக்காதவன முனி தேடி வருவாரு."

அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. இவன் சொன்னதைச் செய்வான் என்று துளசிக்குத் தெரியும். ஒரு சொல் தோளில் விழுந்தால் போதும், நல்ல மருந்தும் நல்ல டாக்டரும் இருக்கும்போதே அவளுடைய புருஷன் சுவரைப் பார்த்துப் படுத்துச் செத்துப்போவான்.

குடும்பத்து இளவட்டங்கள் வருஷா வருஷம் பூசையைப் போனில் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். துளசி அந்த வீடியோக்களை எல்லாம் தோண்டி எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். முனி காட்டுகிற இடத்தில் பூசாரி ஆரம்பிக்கிறார் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பார்க்கப் பார்க்க விஷயம் பிடிபட்டது. போன வருஷம் எவன்மேல் விழுந்ததோ, அவன் வீட்டு இடத்துக்கு அடுத்த ஆளிடமிருந்துதான் இந்த வருஷம் பிரம்பு கிளம்பும். குனிந்த தலையும் மூடின கண்ணுமாக நிற்கிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. போதாததற்கு ஆளை எண்ணக்கூடாது வேறு.

சமையல்மேடையில் கடலைப்பருப்பை ஆளுக்கு ஒன்றாக வரிசையாக வைத்தாள். மகேந்திரனுக்கு அடுத்த பருப்பிலிருந்து விரலை வைத்து எண்ணிக்கொண்டு போனாள். அந்தக் குடும்பத்தில் ஆளை எண்ணிய முதல் பெண்பிள்ளை அவளாகத்தான் இருக்க வேண்டும். பத்தாவது பருப்பு யுகேந்திரன். கலைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் யுகேந்திரன்தான்.

பிறகு புட்டியிலிருந்து இன்னொரு பருப்பை எடுத்து யுகேந்திரனுக்கு இடது பக்கம், அவனுக்கு முன்னால் எண்ணப்படுகிற இடத்தில் வைத்தாள்.

அந்தப் பருப்பு தேவன். துளசியின் ஒரே தம்பி. அம்மா தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போன நாள்களில் துளசி இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இப்போது புந்தோங்கில் கார் பட்டறை வைத்திருக்கிறான். சாமி, பூதம், சகுனம் எதையும் நம்பாதவன். கருப்புப் பூனை குறுக்கே போனால் அதோடு செல்ஃபி எடுக்கிற ஆள். முனி எடுத்துக்கொண்டார் என்றால் விழுந்து விழுந்து சிரிப்பான். நம்பாதவனுக்கு என்ன ஆகும்? மரத்தடியில் நாலு கொசு கடிக்கும். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அக்காவைக் கிண்டல் பண்ணிக்கொண்டே காரை எடுப்பான். முன்கூட்டியே சொல்லவும் பயமாக இருந்தது. அவன் வாய் சும்மா இருக்காது. இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு துளசி தம்பிக்குப் போன் போட்டாள்.

"மச்சானுக்கு முடியலடா. எஸ்டேட் கோயிலுக்கு நீதான் காரோட்டிட்டு வரணும்."

"வாரேன்க்கா. ஆட்டுக்கறி உண்டுல்ல?"

தீபாவளிக்கென்று அவள் எடுத்துக் கொடுத்த மஞ்சள் சட்டையை ஒரு நாள் முன்னதாகவே போட்டுக்கொண்டு வந்து நின்றான் தேவன். வழி நெடுக மழை. சுங்காய் தாண்டிச் செம்பனைக்குள் நுழைந்ததும் மழை நின்று, பாதையெல்லாம் சிவப்புச் சேறாகக் கிடந்தது. கோயிலில் படையல் சோற்றைத் தேவன் ரசித்துச் சாப்பிட்டான். அங்கே இருந்த ஆண்களோடு நிமிஷத்தில் பழகிவிட்டான். யாருடைய காரில் என்ன சத்தம் வருகிறது என்று கேட்டு, பானெட்டைத் திறந்து பார்த்து, சும்மாவே சரி பண்ணிக் கொடுத்தான். எல்லாரும் அவனை மச்சான் மச்சான் என்று கொண்டாடினார்கள்.

பொழுது சாய்ந்தது. ஆண்கள் எழுந்து அவரவர் இடத்துக்குப் போனார்கள். துளசி தம்பியின் கையைப் பிடித்தாள்.

"மச்சானுக்குத் தலை சுத்தினாலும் சுத்தும். நீயும் பக்கத்துல போய் நில்லு. இடது பக்கம்."

"நான் நிக்கலாமா?"

"கோயில் சோறு தின்ன ஆம்பள யாரும் நிக்கலாம்."

அது நிஜமாகவே அங்கே உள்ள வழக்கம்தான். தேவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போய் நின்றான். பூசாரி பத்துமலை வரிசையை ஒருமுறை பார்த்தார். மஞ்சள் சட்டையிடம் அவர் கண் நின்றது. பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, யாரையோ தேடுகிறவர் மாதிரி பார்த்துவிட்டு, துளசியிடம் வந்து கண்ணை நிறுத்தினார். பிரம்பை எடுத்துக்கொண்டார்.

"இச்சி."

மகேந்திரனின் இடத்துக்கு அடுத்த ஆள். துளசி கணக்குப் போட்டது சரிதான்.

"நீ... சான்... சீ..."

தவளைகள்கூடக் கத்துவதை நிறுத்தியிருந்தன. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பிரம்பு ஒவ்வொரு தோளாக வந்துகொண்டிருந்தது. துளசி தமிழில் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஏழு. எட்டு. ஒன்பது.

"சூ."

பிரம்பு மஞ்சள் சட்டையின்மேல் நின்றது. அதற்கு அடுத்து நின்ற யுகேந்திரனின் தோள்கள் மெல்லத் தளர்ந்து இறங்குவதைத் துளசி பின்னாலிருந்து பார்த்தாள். பிழைத்துக்கொண்டான். முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்வானேன்.

தேவன் கண்ணைத் திறந்து சிரித்தான். "என்னா அண்ணே, லாட்டரி எனக்கா?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பூசாரி அவன் சட்டைப் பொத்தான்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை உருவிச் சேற்றில் போட்டார். லோரி மரத்தைக் கையால் காட்டினார். தேவன் ஏதோ விளையாட்டு என்று இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் வரிசை முழுக்கத் திரும்பிவிட்டிருந்தது. கொஞ்சம் முன்னால் மச்சான் என்று தோளில் கை போட்டவர்கள் எல்லாருமே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பெண்களும் திரும்பிவிட்டார்கள். யுகேந்திரன் வந்து துளசியின் தோளைப் பிடித்து அவளையும் திருப்பிவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

"டேய், என்னா இது? மச்சான்?"

யுகேந்திரன் துளசியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா?"

துளசி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஒரு சொல் சொன்னால் போதும். ஒன்றும் இல்லடா, சும்மாதான், நாளைக்குச் சொல்றேன் என்று ஒரே ஒரு வாக்கியம். சொல்லிவிட்டால் முனி தம்பியை விட்டுவிட்டு அடுத்து நின்றவனை எடுத்துக்கொள்வார். அடுத்து நின்றவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் விரலில் நாடி துடிப்பது அவளுக்குத் தெரிந்தது.

"அக்கா, சொல்லுக்கா. யாரும் பேச மாட்டேங்கிறாங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு லா."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் ஈப்போ பசாரில் கூட்டத்தில் தொலைந்துபோய், மீன்கடை ஓரத்தில் நின்று கூப்பிட்டானே, அதே குரல். சிரிப்பு அதில் துளிகூட மிச்சமில்லை. கருப்புப் பூனையோடு செல்ஃபி எடுக்கிறவன், இத்தனை முதுகுகளைப் பார்த்து நம்ப ஆரம்பித்துவிட்டான். அன்றைக்குப் பசாரில் அக்கா ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். இன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

இன்னும் ஒருமுறை அக்கா என்றான். பிறகு சேற்றில் கால் பதியும் சத்தம் கேட்டது. அது தூரம் போய் நின்றுவிட்டது.

அது நின்ற மறு நிமிஷமே கோயில் கலகலப்பாகிவிட்டது. விளக்குகளை ஏற்றினார்கள். யாரோ பட்டாசுக் கட்டைப் பற்றவைத்தார்கள். முறுக்கும் அச்சுமுறுக்கும் தட்டுத் தட்டாக வந்தன. யுகேந்திரன் முகத்தில் பல வாரத்துக்குப் பிறகு ரத்த ஓட்டம் தெரிந்தது. "ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுடலாம்," என்றான் அவளிடம். தேவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இனி இருக்கவும் இருக்காது.

பூசாரி திருநீற்றுத் தட்டோடு வரிசையாக வந்தார். துளசி நெற்றியில் பூசும்போது அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"உனக்கும் எண்ணத் தெரிஞ்சிருச்சா, தங்கச்சி?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு... தெரியுமாண்ணே?"

"எங்க தாத்தா இந்தத் தோட்டத்துக் கிராணி, ஆள் கணக்கு எழுதுறவரு. ஜப்பான்காரனுக்கு ஆள நிறுத்தி எண்ணிக் குடுத்தது அவருதான். தீபாவளிக்கு மொத நாளு. எண்ணிப் பார்த்தா பத்தாவதா நின்னது அவரு பெத்த மகன். என்ன பண்ணாரு தெரியுமா? பண்டிகைக்கு விருந்தாடியா வந்திருந்த மச்சான, எங்க பாட்டியோட தம்பிய, கூட்டியாந்து மகனுக்கு முன்னால நிறுத்தினாரு. லோரி அந்த மனுசன ஏத்திட்டுப் போச்சு. அப்புறம் எந்த லோரியும் இங்க ஆள் பிடிக்க வரவே இல்ல. எங்க அப்பா பொழச்சாரு, தோட்டம் பொழச்சுது. அதான் கும்பிடுறோம்."

"அவரு திரும்பி வந்தாரா?"

பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

துளசி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. லோரி மரத்தடியில் வெற்றுடம்போடு ஒரு உருவம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பட்டாசு வெடித்தபோதும் அது தலையைத் தூக்கவில்லை. விடிந்ததும் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். இதே விஷயத்தை யுகேந்திரனிடம் சொன்னபோது அவன் கையை உதறியது கூடவே நினைவுக்கு வந்தது.

பையில் போன் அடித்தது. புந்தோங்கிலிருந்து அம்மா.

"துளசி, மழ நின்னுச்சா அங்க? பூசைலாம் நல்லபடியா முடிஞ்சிச்சா? தம்பிக்கு அடிச்சா எடுக்கவே மாட்டேங்கிறான். காலையில எல்லாரும் நேரா இங்க வந்துடுங்க, எண்ணெய் காய்ச்சி வச்சிருக்கேன். இட்லிக்கு மாவு பத்துமான்னு பாக்கணும். எத்தன பேரு வாரீங்க?"

யுகேந்திரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எண்ணாதீங்கம்மா," என்றாள். "ஆள எண்ணாதீங்க."